சேலத்திலும் சேர்வராயன் மலையிலும் உள்ள கோயில்கள்: வழிபட வருவோரும் சுற்றிப் பார்க்க வருவோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேலம் நகரக் கோயில்களுக்கும், தாரமங்கலம், ஆத்தூர் பக்கத்துக் கோயில்களுக்கும், ஏற்காட்டு மலைமேல் உள்ள கோயிலுக்கும் வெளியூரிலிருந்து வருவோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. எங்கே என்ன பார்க்கலாம் என்பதோடு, எப்படிப் பார்ப்பது முறை என்பதும் சேர்த்தே சொல்லப்பட்டிருக்கிறது.

கோயிலைச் சுற்றுலாத் தலம் என்று சொல்லலாமா? அது வழிபடும் இடமல்லவா?

இரண்டாகவும் இருக்கலாம், ஆனால் அதில் ஒரு முன்பின் உண்டு. நம்மிடையே பயணமும் வழிபாடும் என்றுமே தனித்தனியாக இருந்ததில்லை. பாடல் பெற்ற தலங்களை ஒவ்வொன்றாகத் தேடிச் சென்றவர்களும், காவடி எடுத்துப் பழனிக்கு நடந்தவர்களும், வழியில் ஊர் பார்த்தார்கள், சந்தை பார்த்தார்கள், தேர் பார்த்தார்கள். இன்றும் வேனில் வந்திறங்கும் ஒரு குடும்பத்தில் பாட்டி அர்ச்சனைத் தட்டோடு முன்னே போக, பேரன் தூண் சிற்பங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டு பின்னே வருகிறான். அவர்களில் யார் பக்தர், யார் சுற்றுலாப் பயணி என்று பிரிப்பதில் பொருளில்லை. பொருள் உள்ள வேறுபாடு ஒன்றுதான்: கோயிலின் நேரம், ஒழுங்கு, அமைதி ஆகியவற்றைப் பூசையே தீர்மானிக்கிறது, பார்வையாளரின் வசதி தீர்மானிப்பதில்லை. காலபூசை நின்றுபோன கோயிலில் சிற்பங்கள் இருக்கும், விளக்கிருக்காது; விளக்கில்லாத இடத்துக்கு ஊர்க்காரர்கள் போவது குறைந்து, கொஞ்ச காலத்தில் புதர் மண்டிவிடும். வழிபாடு நடப்பதால்தான் நாம் பார்ப்பதற்கும் அந்த இடம் மிஞ்சியிருக்கிறது.

சேலம் நகருக்குள் ஒரே காலையில் எவற்றைத் தரிசிக்கலாம்?

சுகவனேசுவரர் கோயில், கோட்டை அழகிரிநாதர் கோயில், கோட்டை மாரியம்மன் கோயில் ஆகிய மூன்றும் பழைய பேருந்து நிலையத்தைச் சுற்றியே இருப்பதால், காலையில் புறப்பட்டால் நடந்தே மூன்றையும் பார்த்துவிடலாம்.

சுகவனேசுவரர் கோயிலின் பெயரிலேயே அதன் கதை இருக்கிறது. சுகர் என்ற முனிவர் கிளி வடிவில் இங்கே ஈசனை வழிபட்டார் என்றும், கிளிகளைத் துரத்திவந்த வேடனின் வெட்டு லிங்கத் திருமேனியில் வடுவாக நிற்கிறது என்றும் தலபுராணம் கூறுகிறது. அம்மன் பெயர் சொர்ணாம்பிகை. கோட்டைப் பெருமாள் என்று ஊரார் அழைக்கும் அழகிரிநாதர் சுந்தரவல்லித் தாயாரோடு எழுந்தருளியிருக்கிறார். வைகுண்ட ஏகாதசியன்று விடியற்காலையில் சொர்க்கவாசல் திறக்கும்போது வரிசை வெகுதூரம் நீளும். அமைதியாகத் தரிசிக்க விரும்புவோர் அந்த ஒரு நாளைத் தவிர்த்துவிடலாம். கூட்டத்தோடு கூட்டமாக நின்று கோவிந்தா என்று சொல்ல விரும்புவோர் அந்த நாளிலேயே வர வேண்டும்.

நேரம் மீதமிருந்தால் நகரின் கிழக்கே உடையாப்பட்டியில், சாந்தானந்த சுவாமிகள் நிறுவிய கந்தாசிரமத்துக்குப் போகலாம். குன்றின் மேல் தாயின் சந்நிதியும் மகனின் சந்நிதியும் எதிரெதிராக அமைந்த கோயில் அது.

நண்பகலில் நடை சாத்தியிருக்கிறது. பார்வையாளர்களுக்காகத் திறந்து வைக்கக் கூடாதா?

உச்சிக்கால பூசை முடிந்ததும் நடை சாத்துவதும், மாலை நான்கு மணியளவில் மீண்டும் திறப்பதும் பெரும்பாலான சிவன், பெருமாள் கோயில்களின் வழக்கம். இறைவனை ஓர் அரசனைப் போலத் துயிலெழுப்பி, நீராட்டி, அமுது படைத்து, ஓய்வு கொள்ளச் செய்து, இரவில் பள்ளியறைக்கு அழைத்துச் செல்வதே ஆகம வழிபாட்டின் அமைப்பு. அந்த ஓய்வு நேரத்தில் கதவைத் தட்டுவது, விருந்துக்கு வந்தவர் வீட்டுக்காரரைத் தூக்கத்திலிருந்து எழுப்புவது போன்றது. ஆகவே பயணத்திட்டத்தைக் கோயிலின் நேரத்துக்கு ஏற்ப வகுத்துக்கொள்ளுங்கள். சாலையில் செல்லும் நேரத்தையும் உணவையும் நண்பகலுக்கு ஒதுக்கினால் எதுவும் வீணாகாது. சரியான நேரம் கோயிலுக்குக் கோயில், விழா நாளுக்கு விழா நாள் மாறும் என்பதால், புறப்படுமுன் கோயில் அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

ஆடி மாதத்தில் சேலத்துக்கு வரலாமா? கூட்டம் மிகுதி என்கிறார்களே?

கூட்டம் மிகுதிதான். அதைக் காரணம் காட்டி ஆடியில் வராதவர், சேலத்தைச் சேலமாகப் பார்த்தவர் ஆகமாட்டார்.

இந்த ஊர் பேட்டைகளால் ஆனது. அம்மாப்பேட்டை, செவ்வாய்ப்பேட்டை, பொன்னம்மாப்பேட்டை, குகை, அன்னதானப்பட்டி என்று ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு மாரியம்மன் உண்டு. அவர்கள் எல்லாருக்கும் மூத்தவளாக, திருமணிமுத்தாற்றங்கரையில் இருக்கும் கோட்டை மாரியம்மனை மக்கள் கருதுகிறார்கள். ஆடியில் கோட்டையில் பூச்சாட்டியதும் ஊரின் நடையே மாறிவிடுகிறது. கம்பம் நடுதல், சக்தி அழைப்பு, சக்தி கரகம், பொங்கல், மாவிளக்கு, பால்குடம், தேர் என்று நாள்தோறும் ஒன்று நடக்கும். வேண்டுதல் வைத்தவர்கள் ஈரத்துணியோடு கோயிலைச் சுற்றித் தரையில் உருண்டு வருவதை இங்கே ‘உருளுதண்டம்’ என்பார்கள். கண்ணுக்கும் கைகாலுக்கும் வந்த நோய் தீர வேண்டியவர்கள், அந்த உறுப்பின் வடிவில் செய்த உருவாரம் செலுத்துவார்கள். உப்பும் மிளகும் கொட்டுவார்கள். அம்மை நோய் குழந்தைகளைக் கொண்டுபோன காலத்து அச்சமும் நன்றியும் இந்த நேர்த்திக்கடன்களுக்குள் இன்னும் இருக்கின்றன. நோய் போய்விட்டது, நம்பிக்கை போகவில்லை.

விழாவின் நிறைவையொட்டிக் குகைப் பகுதியில் நடக்கும் வண்டி வேடிக்கை, இந்த ஊரின் தனிச் சொத்து. அலங்கரித்த வண்டிகளில் ஊர்க்காரர்களே தெய்வங்களாகவும் புராண மாந்தர்களாகவும் வேடமிட்டு அமர்ந்து, ஒளிவெள்ளத்தில் வீதியுலா வருவார்கள். சாலையின் இருபுறமும் மாடிகளிலும் மக்கள் நெருக்கியடித்து நிற்பார்கள். சத்தாபரணம் என்னும் இரவு ஊர்வலமும் அவ்வாறே. முதன்முறை வருவோர் தங்குமிடத்தை முன்கூட்டியே உறுதிசெய்துகொண்டு, வாகனத்தை நகருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டு, பேருந்தில் அல்லது நடந்து கோட்டைக்கு வருவது உத்தமம்.

உருளுதண்டம் போடுவோரையும் அலகு குத்தியவர்களையும் படம் எடுக்கலாமா?

அனுமதி கேட்காமல் எடுக்க வேண்டாம். அவர்கள் ஒருவருக்கும் காட்சி காட்ட வரவில்லை. பிள்ளைக்கோ கணவருக்கோ தாய்க்கோ நேர்ந்துகொண்டதைத் தீர்க்க வந்திருக்கிறார்கள். ஈரப்புடவையோடு உருளும் பெண்ணின் படத்தை அவர் அறியாமல் சமூக ஊடகத்தில் போடுவது பெரும் பிழை. வண்டி வேடிக்கை வேறு. அது எல்லோரும் பார்க்கவும் படமெடுக்கவுமே நடக்கிறது.

தாரமங்கலம் கோயிலைத் தவறாமல் பார்க்கச் சொல்கிறார்கள். அங்கே என்ன சிறப்பு?

சேலத்துக்கு மேற்கே, ஓமலூரிலிருந்து சங்ககிரி செல்லும் வழியில் உள்ள தாரமங்கலம் கைலாசநாதர் கோயில், இந்த மாவட்டத்தில் கல்தச்சர்கள் விட்டுச்சென்ற மிகச் சிறந்த வேலை. ஒரே ஒரு கோயிலுக்குத்தான் நேரம் உண்டு என்பவர்களுக்கு வேறு எதையும் பரிந்துரைக்க மனம் வருவதில்லை. மதுரை நாயக்கர் ஆட்சிக்காலத்தில் இப்பகுதியை ஆண்ட கெட்டி முதலிகள், தாரமங்கலத்தையும் அமரகுந்தியையும் தங்கள் இடங்களாகக் கொண்டு, கோயிலைப் பெரிதாக எடுத்துக் கட்டினார்கள். இவர்கள் பெரும் பேரரசர்கள் அல்லர். ஆனாலும் ஒரு சிற்றரசுக் குடி தன் ஊரில் எதை முதன்மையாகக் கருதியது என்பதற்கு இக்கோயில் சான்று.

மேற்கு நோக்கிய கோயில் இது. இராசகோபுரத்தின் அடித்தளத்தை யானைகளும் குதிரைகளும் இழுக்கும் தேரைப் போல வடித்திருக்கிறார்கள். உள்ளே முன்மண்டபத்தில் அவசரப்படாமல் நில்லுங்கள். கூரையில் ஒரே கல்லில் குடைந்த வளையச் சங்கிலிகள் தொங்குகின்றன. வாய்க்குள் கல் உருண்டை உருளும் சிங்கம் இருக்கிறது. உருண்டையை உள்ளே நகர்த்தலாம், வெளியே எடுக்க முடியாது. இரதியும் மன்மதனும் தனித்தனித் தூண்களில் நிற்கிறார்கள்.

இவற்றுள் நின்று பார்க்க வேண்டியது வாலி வதம். ஒரு தூணில் வாலியும் சுக்கிரீவனும் பொருதுகிறார்கள். தள்ளியுள்ள மற்றொரு தூணில் இராமன் வில்லை வளைத்து நிற்கிறான். இராமன் நிற்குமிடத்திலிருந்து பார்த்தால் வாலி தெரிகிறான். வாலி நிற்குமிடத்திலிருந்து பார்த்தால் இராமன் தெரியவில்லை. மறைந்து நின்று எய்தது அறமா என்று பட்டிமன்ற மேடைகளில் இன்றும் வழக்காடும் கேள்வியை, அந்தச் சிற்பி தூண்களின் இடைவெளியை அளந்தே சொல்லிவிட்டான். ஆகவே ஒரு தூணின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு நகர்ந்தால் பாதிதான் பார்த்ததாகும். இரண்டு தூண்களுக்கும் இடையே நடந்து பார்க்க வேண்டும். குழந்தைகளை அழைத்துச் சென்றால் ஒருவரை இராமன் பக்கத்திலும் மற்றவரை வாலி பக்கத்திலும் நிறுத்திக் கேளுங்கள். கதை தானாகவே விளங்கும்.

கோயிலுக்கு வெளியே எண்கோண வடிவில் ஒரு தெப்பக்குளம் உண்டு. அதையும் பார்க்காமல் திரும்பிவிடாதீர்கள்.

அங்கே லிங்கத்தின் மேல் சூரிய ஒளி விழுவது உண்மையா?

ஆம். மேற்கு நோக்கிய கோயில் என்பதால், மாசி மாதத்தில் மூன்று நாள் மாலையில், சாயும் வெயில் வாயில்களைக் கடந்து கருவறைக்குள் சென்று லிங்கத்தின் மேல் படுகிறது. அந்த நாள்களில் கூட்டம் அதிகம். சிற்பங்களைப் பொறுமையாகப் பார்க்க வேண்டுமென்றால் வேறொரு வாரநாளின் காலையைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

சிற்பங்களைத் தொட்டுப் பார்ப்பதில் என்ன கேடு?

ஒருவர் தொடுவதால் ஒன்றும் ஆகாது. வரும் ஒவ்வொருவரும் தொடுவதால் மூக்கும் விரலும் மழுங்கிப்போகின்றன. சிங்கத்தின் வாயில் விரலை விட்டு உருண்டையைச் சுழற்றிப் பார்ப்பதும், கல் வளையங்களை ஆட்டிப் பார்ப்பதும் இதில் சேரும். தூணில் பெயர் கீறுவது பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

இந்தக் குறையைச் சுற்றுலாப் பயணிகளின் மேல் மட்டும் சுமத்துவது நியாயமன்று. பக்தியின் பெயரால் நாம் செய்வதும் கல்லைக் கெடுக்கிறது. பூசைக்கு உரியதல்லாத தூண் சிற்பங்களின் மேல் எண்ணெய் தடவுவதும், குங்குமத்தை அப்புவதும், சிற்பத்தின் காலடியிலேயே கற்பூரம் கொளுத்துவதும் நுண்ணிய வேலைப்பாட்டைப் பிசுக்கால் மூடிவிடுகின்றன. விபூதியை வாங்கி நெற்றியில் இட்டுக்கொண்டு மீதியைத் தூணின் மடிப்பில் கொட்டும் வழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. அதை ஒரு தாளில் மடித்து வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம். விளக்கேற்ற ஒதுக்கிய இடத்தில் மட்டும் விளக்கேற்றுங்கள். திருப்பணியின்போது மணலைப் பீய்ச்சியடித்துச் சுண்ணாம்பை உரிக்கும் முறையும், கல்லின் மேல் பளபளக்கும் வண்ணம் பூசுவதும் எத்தனை கோயில்களின் முகத்தை மாற்றியிருக்கின்றன என்று எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது. உபயம் செய்ய விரும்புவோர் வண்ணத்துக்கும் பளிங்குக் கல்லுக்கும் தருவதை விட, மேல்தளத்தில் நீர்க்கசிவைத் தடுக்கவும் முளைத்த செடிகளை வேரோடு அகற்றவும் தருவது மேலான கைங்கரியம்.

ஏற்காட்டில் பார்க்க வேண்டிய கோயில் எது?

மலைக்கே பெயர் தந்த சேர்வராயன் கோயில். ஏற்காடு ஏரியிலிருந்து சில கிலோமீட்டர் மேலே, 5,326 அடி உயரத்தில், காற்று ஓயாத ஒரு மேட்டுவெளியின் ஓரத்தில் குகைக்குள் இருக்கிறது. கோபுரமும் பிராகாரமும் எதிர்பார்த்து வருவோர் முதலில் ஏமாற்றமடையக்கூடும். தலை குனிந்து, சில இடங்களில் உடலையே வளைத்து உள்ளே போனால், ஈரம் கசியும் பாறைக்கடியில் சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கிறார்கள். அந்தக் குகை காவிரி வரை செல்கிறது என்பது மலைமக்களின் நம்பிக்கை.

இந்தத் தெய்வம் முதலில் மலைமக்களுக்கு உரியது. சேர்வராயன் மலையில் வாழும் மலையாளி பழங்குடியினர், தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த சகோதரர்கள் என்றும், அவர்களில் மூத்தவர் இந்த மலையிலும் மற்றவர்கள் பச்சைமலை, கொல்லிமலை ஆகியவற்றிலும் குடியேறினார்கள் என்றும் கூறுவர். பெயரைக் கண்டு கேரளத்தார் என எண்ணிவிட வேண்டாம். மலையில் ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்ற கருத்தில் வழங்கும் பெயர் அது. மே மாதத்தில் நடக்கும் விழாவுக்கு மலைக்கிராமங்கள் அனைத்திலிருந்தும் மக்கள் திரள்கிறார்கள். அந்த நாளில் நாம் விருந்தாளிகள் என்ற எண்ணத்தோடு, பூசாரி சொல்லும் இடத்தில் நின்று, குகைக்குள் வரிசையை அடைக்காமல் வெளியே வந்துவிடுவதே முறை. மற்ற நாள்களிலும் குகை வாயிலில் நின்று உரத்துக் கூவி எதிரொலி கேட்பது, மேட்டுவெளியில் உணவுப் பொட்டலங்களை வீசுவது போன்றவை அவர்களின் குலதெய்வத்தின் வாசலில் செய்யப்படுபவை என்பதை மறக்கலாகாது.

மலைக்கு எந்த வழியில், எந்தக் காலத்தில் போவது நல்லது?

சேலம் அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும் சாலையே பலரும் செல்வது. குப்பனூர் வழியாகவும் ஒரு சாலை உண்டு. மே மாதக் கோடை விழா நாள்களில் ஏறுவதற்கு ஒரு வழியும் இறங்குவதற்கு மற்றொரு வழியும் என்று போக்குவரத்தை மாற்றுவது வழக்கம். கோயிலுக்காக மட்டும் செல்வோர் சனி, ஞாயிறு தவிர்த்த நாளில் காலையிலேயே ஏறிவிடலாம். பனிமூட்டம் இறங்கிய பின் மலைச்சாலையில் வண்டி ஓட்ட வேண்டாம்.

கைபேசி, உடை ஆகியவற்றுக்கு என்ன விதி?

தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் கைபேசியைத் தடுக்க வேண்டுமென்று உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. நடைமுறை கோயிலுக்குக் கோயில் மாறுகிறது. எங்கும் மூலவரைப் படமெடுக்கக் கூடாது; சிற்பங்களைப் படமெடுக்க விரும்பினால் அலுவலகத்தில் கேட்டு அனுமதி பெறுங்கள். வேட்டி, சேலை, சுடிதார், முழுக்காற்சட்டை எதுவும் தகும். ஏரியில் படகு விட்ட அரைக்காற்சட்டையோடு நேரே கோயிலுக்குள் வர வேண்டாம்.

பிற சமயத்தவரும் வெளிநாட்டவரும் உள்ளே வரலாமா?

பெரிய ஆகமக் கோயில்களில் கொடிமரம் வரை, அல்லது வெளிப்பிராகாரம் வரை அனுமதிப்பது பரவலான வழக்கம். கருவறை அருகே செல்ல இயலாத இடங்களில் அறிவிப்புப் பலகை இருக்கும். தாரமங்கலத்தில் காண வேண்டியவற்றுள் பெரும்பகுதி மண்டபங்களிலேயே இருப்பதால் அவர்களுக்கு இழப்பு அதிகமில்லை. சாதியைக் காட்டி ஓர் இந்துவைத் தடுக்க ஒருவருக்கும் உரிமை இல்லை. 1947-இல் இயற்றப்பட்ட ஆலயப் பிரவேசச் சட்டம் அந்த வாயிலை எல்லாருக்கும் திறந்துவிட்டது. அர்ச்சகர் நியமனத்திலும் இதே கேள்வி இந்த ஊரிலிருந்தே எழுந்தது: சுகவனேசுவரர் கோயில் குறித்த வழக்கில், உரிய ஆகமத்திலும் பூசைமுறையிலும் தேர்ந்தவராயின் சாதி தடையாகாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2023-இல் தீர்ப்பளித்தது.

தமிழில் அர்ச்சனை செய்யச் சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லலாம். 2021 ஆகஸ்ட் முதல் அறநிலையத் துறை ‘அன்னைத் தமிழில் அர்ச்சனை’ என்ற திட்டத்தை நடத்துகிறது.

முத்துமலை முருகன் சிலையைப் போன்ற புதியவை சுற்றுலாவுக்காகவே கட்டப்பட்டவையா?

அப்படிச் சொல்வது அங்கே வரும் மக்களுக்கு இழைக்கும் அநீதி. ஆத்தூர் செல்லும் நெடுஞ்சாலையில் புத்திரகவுண்டன்பாளையத்தில் 146 அடி உயரத்தில் எழுந்து, 2022 ஏப்ரலில் குடமுழுக்கு கண்ட அந்தச் சிலை, மலேசியாவின் பத்துமலை முருகனை விட உயரமானது. பார்க்கத்தான் பலரும் முதலில் வருகிறார்கள். வந்தவர்களில் பலர் தைப்பூசத்துக்கும் கிருத்திகைக்கும் மீண்டும் வருகிறார்கள். அரியானூரில் 1008 லிங்கங்கள் உள்ள கோயிலுக்கும் இது பொருந்தும். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: முத்துமலைக்கு வரும் வண்டிகள், சற்றுத் தொலைவில் வசிட்ட நதிக்கரையில் இருக்கும் பழங்கோயில்களுக்கு வருவதில்லை. பேளூரில் தான்தோன்றீசுவரர், ஏத்தாப்பூரில் சாம்பமூர்த்தீசுவரர், ஆத்தூரில் காயநிர்மலேசுவரர், ஆறகளூரில் காமநாதீசுவரர், மாவட்ட எல்லையைத் தாண்டிக் கூகையூரில் சொர்ணபுரீசுவரர் என்று, நிலம் முதல் வான் வரையிலான ஐந்து பூதங்களுக்கும் உரிய ஐந்து தலங்கள் ஒரே ஆற்றின் வழியில் அமைந்திருக்கின்றன. விடியற்காலையில் புறப்பட்டு, பேளூரில் தொடங்கி ஆற்றோடு கிழக்கே செல்லுங்கள். ஆறகளூரில் எட்டு பைரவர்களையும் காணலாம். தேய்பிறை அட்டமியில் அங்கே கூட்டம் மிகும். அருகே தியாகனூரில் பெரிய புத்தர் சிலைகள் இருக்கின்றன.

சேலத்தில் ஒரு முனியப்பன் கோயில் புத்தர் கோயில் என்று தீர்ப்பானதாகக் கேள்விப்பட்டோம். உண்மையா?

உண்மை. பெரியேரிப் பகுதியில் தலைவெட்டி முனியப்பன் என்று மக்கள் வழிபட்டுவந்த சிலையைத் தொல்லியல் துறை ஆய்ந்து புத்தர் சிலை என்று அறிக்கை தந்தது. 2022 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அந்த இடத்தைத் தொல்லியல் துறையிடம் ஒப்படைக்கவும், சிலைக்கு முனியப்பனாகப் பூசை செய்வதை நிறுத்தவும் உத்தரவிட்டது. பொங்கல் வைத்து வணங்கியவர்களுக்கு அது எளிதாக ஏற்கக்கூடியதாக இருந்திராது. ஆயினும் தலையிழந்த ஒரு சிலையைக் கைவிடாமல் தெய்வமாக்கிக் காத்தவர்கள் அவர்கள்தான். அது யாருடைய உருவம் என்பதை வெளிக்கொணர்ந்தது ஆய்வு. இரண்டு தரப்புக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம்.

கஞ்சமலை சித்தர் கோயிலுக்கு எந்த நாளில் போகலாம்?

அமாவாசையில் பெருங்கூட்டம் கூடும். காலாங்கிநாதர் தவமிருந்த இடமாகக் கருதப்படும் இக்கோயில், இரும்புத்தாது நிறைந்த கஞ்சமலையின் அடிவாரத்தில் இளம்பிள்ளை பக்கமாக இருக்கிறது. தோல் நோய் தீர வேண்டிக்கொண்டவர்கள் இங்கே உப்பும் மிளகும் இடுகிறார்கள். மலையேற விரும்புவோர் உள்ளூர்க்காரர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, தண்ணீர் எடுத்துக்கொண்டு, வெயில் ஏறுமுன் புறப்பட வேண்டும். மூலிகை என்று கண்டதைப் பறித்துவரக் கூடாது.

முதியவர்களை அழைத்து வருகிறோம். எவை எளிது?

நகரக் கோயில்கள் மூன்றும் எளிது. தாரமங்கலத்திலும் அதிகம் ஏற வேண்டியதில்லை. சேர்வராயன் குகைக்குள் குனிந்து செல்ல முடியாதவர்கள் வாயிலிலேயே நின்று கும்பிடலாம். தீபாராதனைத் தட்டை வெளியே கொண்டுவரும்படி பூசாரியிடம் கேட்டுப் பாருங்கள்.